திரும்பி வரும் வழி

அந்தக் கார் என் பட்டறைக்கு வந்தபோது அதன்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. ஓட்டி வந்தவர் தன் தலைக்கு மேலே மட்டும் தார்ப்பாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டியிருந்தார். 2016, ஆவணிக் கடைசி. சாயங்காலமானால் மேற்கே கருத்துக்கொண்டு வரும் நாட்கள். இறங்கியதும் அவர் முதலில் வானத்தைத்தான் பார்த்தார்.

"தம்பி, டாப்பு கீழே போயிடுச்சு. மேலே வர மாட்டேங்குது. ஐப்பசிக்குள்ள மூடிக் குடுத்துடுங்க, போதும்" என்றார்.

1965 மாடல் செவர்லே இம்பாலா. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களை எங்கள் பக்கத்தில் ‘படகுக் கார்’ என்பார்கள். அந்த நீளமும் அகலமும் மிதந்துபோவதுபோல் ஓடும் ஓட்டமும் வேறு பெயருக்கு இடம் தராது. தூதரகத்தார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன வண்டிகளை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றபோது இவருடைய அப்பா எடுத்த கார் இது. பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வீடு கோட்டூர்புரம். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதுமே பாதி விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். இந்தக் காருக்கு சீட் மட்டத்துக்கு ஏறியிருந்தது.

வெள்ளத்துக்குப் பிறகு இன்ஜின், பிரேக் எல்லாம் சரிசெய்துவிட்டார்கள். டாப் மட்டும் தகராறு. வேறொரு இடத்தில் இரண்டு மாதம் நின்றிருக்கிறது. "மோட்டர் எரிஞ்சுபோச்சு, அமெரிக்காவுலேர்ந்து வரவழைக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். 1984இல், பதினைந்து வயதில், புதுப்பேட்டையில் ஒரு பாயிடம் வேலைக்குச் சேர்ந்தவன். இன்ஜின் பார்ப்பவர் மெக்கானிக், தகரம் தட்டுபவர் டிங்கர், எங்களை ‘ஒயரிங் பார்க்கிறவர்’ என்பார்கள். இப்போது ராயப்பேட்டையில் சொந்தப் பட்டறை. டாப் திறக்கும் கார் என் கைக்கு வருவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் கார் ஒயரிங்கில் இருக்கிற அத்தனை பாடத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் வேலை அது. அதிக கரண்ட், நீளமான ஒயர், தண்ணீர், ஆயில், அசையும் இரும்பு எல்லாம் ஒரு சீட்டுக்குப் பின்னால் கூடியிருக்கும்.

பின் சீட்டின் சாய்மானத்தைக் கழற்றினால் பம்பு தெரியும். ஒரு மோட்டர், அதோடு ஒட்டியபடி ஒரு ஆயில் பம்பு, அதற்கு ஒரு சிறிய ஆயில் டப்பா. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஹோஸ்கள் ஓடி, பின் சீட்டுக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு சிலிண்டர்களுக்குப் போகும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அடியில் ஒரு ஹோஸ், மேலே ஒரு ஹோஸ். பம்பு ஆயிலை அடிப்பக்கம் தள்ளினால் ராடு மேலே எழும்பி, மடிந்து கிடக்கும் சட்டத்தை விரிக்கும், டாப் மூடும். மேல்பக்கம் தள்ளினால் ராடு உள்ளே போகும், டாப் மடிந்து இறங்கும். இடையில் வழிமாற்றும் வால்வு எதுவும் ஓட்டுகிறவர் கையில் இல்லை. மோட்டர் ஒரு பக்கம் சுற்றினால் ஏற்றம், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறக்கம். டேஷ்போர்டில் இருக்கும் சுவிட்சுக்கு அதைத் தீர்மானிக்கும் வேலை மட்டும்தான்.

சாய்மானத்தைக் கழற்றியதும் கண்ணில் பட்டது இரண்டு ரிலே. பழைய காரில் இருக்க வேண்டியவை அல்ல, புதிதாகப் போட்டவை. சாதாரண ஐந்து பின் ரிலே, பவர் விண்டோவுக்குப் போடுவது. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒற்றைக் கம்பி ஒயரில் இணைத்து, முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. சுவிட்சை ‘மேலே’ என்று அழுத்தச் சொன்னேன். மோட்டர் சுற்றியது. ‘கீழே’ என்று அழுத்தச் சொன்னேன். அப்போதும் சுற்றியது. காதை வைத்துக் கேட்டேன். இரண்டு முறையும் ஒரே சத்தம். மோட்டர் தலையில் சாக்பீஸால் கோடு போட முடியாது, சுழலும் பாகம் உள்ளே இருக்கிறது. ஆனால் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால் போதும். இரண்டு முறையும் மேல் ஹோஸ்தான் விறைத்தது. அதாவது எப்படி அழுத்தினாலும் டாப்பைக் கீழேதான் இறக்கப் பார்த்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு முன்னால் இதைப் பார்த்த ஆள் செய்த தவறு கவனக்குறைவால் வந்ததல்ல. தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றைச் செய்தார். இன்றைய பவர் விண்டோ மோட்டருக்குள் நிலைக் காந்தம் ஒட்டியிருக்கும். அதற்குப் பிளஸ், மைனஸ் என்று இரண்டே ஒயர். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். அதற்குத்தான் இரண்டு ஐந்து பின் ரிலே. இம்பாலாவின் பம்பு மோட்டருக்குள் காந்தம் இல்லை. ஃபீல்டு காயில்தான் காந்தத்தை உண்டாக்குகிறது. அதே கரண்ட்தான் ஆர்மேச்சர் வழியாகவும் போகிறது. பிளஸ் மைனஸை மாற்றினால் ஃபீல்டின் துருவமும் மாறும், ஆர்மேச்சரின் துருவமும் மாறும். இரண்டும் சேர்ந்து மாறினால் எதுவும் மாறாத மாதிரிதான். மோட்டர் பழைய திசையிலேயே சுற்றும்.

எதிர்ப்பக்கம் சுற்றுவதற்காக அந்தக் காலத்தில் உள்ளேயே இரண்டு ஃபீல்டு காயில் வைத்தார்கள். ஒன்று ஒரு திசைக்கு, மற்றது எதிர்த்திசைக்கு. அதனால் மோட்டரிலிருந்து சிவப்பு ஒன்று, கரும்பச்சை ஒன்று என்று இரண்டு ஒயர் வரும். சிவப்புக்குக் கரண்ட் கொடுத்தால் டாப் ஏறும், பச்சைக்குக் கொடுத்தால் இறங்கும். எர்த் மூன்றாவது, மோட்டரின் உடம்பிலிருந்து காரின் பாடிக்குப் போவது. மோட்டர் ரப்பர் வாஷர்மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த எர்த் ஒயர் இல்லாவிட்டால் கரண்ட் திரும்பிப் போக வேறு வழி கிடையாது. முன்பு பார்த்தவர் சிவப்பை வெட்டி டேப் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, பச்சையையும் எர்த்தையும் எடுத்துத் தன் ரிலேக்களில் கொடுத்திருந்தார். ஆகவே எரிந்துபோனதாகச் சொன்ன மோட்டர் எரியவே இல்லை. ஏற வேண்டிய காயிலுக்குக் கரண்டே போகவில்லை.

மோட்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்த்தேன். சிவப்புக்கு ஒரு பக்கம், பச்சைக்கு மறுபக்கம், இரண்டும் சுத்தமாகச் சுற்றின. கார்பனும் பாதிக்குமேல் இருந்தது. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் பையன் சிரித்தான். "அண்ணே, முடிஞ்சுது!" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரிலேக்களை எடுத்துவிட்டு, மோட்டரை மாட்டி, சிவப்பையும் பச்சையையும் பழைய சுவிட்சு ஒயரிலேயே சேர்த்து, எர்த்தை அதன் பழைய போல்ட்டில் முடுக்கினேன். பெரியவரை அழைத்து சுவிட்சை அழுத்தச் சொன்னேன்.

மோட்டர் முனகியது. டாப் அரை அடி எழும்பியது. அங்கேயே நின்றது. டேஷ்போர்டுக்கு அடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம், எல்லாம் அடங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடி ‘டிக்’, மறுபடி முனகல். சர்க்யூட் பிரேக்கர் சூடாகி விடுவதும் ஆறிச் சேர்வதுமாக இருந்தது.

"கையால தூக்கிடலாமா?" என்று பெரியவர் கேட்டார். தூக்கலாம், நாலு பேர் வேண்டும், இரண்டு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் அது வாழ்நாளுக்கும் கண்ணாடியோடு பொருந்தாது. வேண்டாம் என்றேன்.

டெஸ்ட் லைட்டை எடுத்து மோட்டரின் சிவப்பு ஒயரில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. சுவிட்சில் வைத்தேன், எரிந்தது. ஒயரை மோட்டரிலிருந்து பிரித்து மீட்டர் வைத்தேன், 12.4 வோல்ட். இந்த அளவைப் பார்த்துவிட்டு மோட்டரைக் குறை சொல்லாத எலக்ட்ரீஷியன் குறைவு. எனக்கு மட்டும் அப்போது பாயின் குரல் கேட்டது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். ராத்திரி ஒரு லாரி, செல்ஃப் எடுக்கவில்லை. நான் செல்ஃப் மோட்டரை இறக்கி, கார்பன் மாற்றி, புஷ் மாற்றி, மறுபடி ஏற்றினேன். அதே முனகல்தான். மறுபடி இறக்கினேன். நடுராத்திரிக்கு பாய் எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடித்த கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை இன்ஜின் மேலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போடு" என்றார். லாரி ஒரே உருட்டில் கிளம்பியது. இன்ஜினையும் சேசிஸையும் சேர்க்கும் எர்த் பட்டை துருவில் நூலாகியிருந்தது.

"டேய், கரண்டு போற வழியத்தான் பாத்த. அது திரும்பி வர்ற வழிய எவன் பாப்பான்?" என்றார். அவர் திட்டியதெல்லாம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

டெஸ்ட் லைட் பல்பு குடிக்கும் கரண்ட் கால் ஆம்பியர் இருக்கும். டாப் மோட்டர் கேட்பது முப்பது, நாற்பது. ஒற்றையடிப் பாதையில் ஓர் ஆள் நடந்துபோய்விடலாம், அதில் தேர் போகாது. ஒயரில் ஆயிரம் இழையில் ஒரே இழை மிச்சம் இருந்தாலும் பல்பு பளிச்சென்று எரியும். மோட்டரைப் பிரித்துவிட்டு வைத்த மீட்டரும் அப்படியே. அதற்குக் கரண்டே வேண்டாம், பன்னிரண்டரை என்று காட்டிவிட்டுப் போய்விடும். மோட்டர் இழுத்துக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அதைத் தவிர வேறு அளவை எதையும் நான் நம்புவதில்லை.

பையனை ஸ்டியரிங் பக்கம் உட்கார வைத்தேன். அவன் அழுத்தும் அந்தச் சில விநாடிக்குள் ஒவ்வோர் இடமாக அளந்தேன். பேட்டரி முனைகளில் 12.1. மோட்டரின் சிவப்புக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் 7.4. மீதி 4.7 வோல்ட் வழியிலேயே தொலைந்தது. எங்கே? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டரின் சிவப்பு வரை 2.6. அதில் சுவிட்சுக்கு முன்னால் 0.8, சுவிட்சுக்குள்ளேயே 0.7, அதற்குப் பிறகு பின் சீட்டு வரை 1.1. அடுத்து மீட்டரின் ஒரு முனையை மோட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். இரண்டுமே எர்த். இடையில் எதுவும் இருக்கக் கூடாது. 2.1 காட்டியது. அதையும் பிரித்தேன். மோட்டர் உடம்பிலிருந்து பக்கத்துப் பாடித் தகரம் வரை 1.6, பாடியிலிருந்து இன்ஜின் வரை 0.4, இன்ஜினிலிருந்து பேட்டரி வரை 0.1. கிளாம்ப் மீட்டரில் 30 ஆம்பியர் ஓடியது.

1.6 வோல்ட்டை 30 ஆம்பியரால் பெருக்கினால் 48 வாட். நான் கையால் முடுக்கிய அந்த ஒற்றைப் போல்ட்டில், டிம்மில் எரியும் ஒரு ஹெட்லைட் பல்பின் அளவுக்குக் கிட்டத்தட்ட சூடு பிறந்துகொண்டிருந்தது. விரலை வைத்தேன், சுட்டது.

போல்ட்டைக் கழற்றியபோது கதை முழுவதும் தெரிந்தது. தகரம் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. துருவுக்கு மேலே பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது, வெள்ளத் தண்ணீர் மட்டும் அப்படி உரிக்காது. முகர்ந்து பார்த்தேன், பிரேக் ஆயில் வாசனை. பழைய பம்புகளில் பிரேக் ஆயில்தான் ஊற்றுவார்கள். பின்னால் வந்த வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும், அதனால் எது என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்கக் கூடாது. பிரேக் ஆயிலுக்கு இரண்டு குணம் உண்டு, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், பெயின்ட்டை அரிக்கும். பம்பின் சீலில் எத்தனையோ வருஷமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. கசிந்த ஆயில் பெயின்ட்டை எடுத்தது. பெயின்ட் போன தகரத்தில் கடற்காற்று துருவை வைத்தது. துருவின் மேல் வெள்ளம் வந்து நின்றது. பெரியவரை அழைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் அந்தப் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா காலத்துலயே ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஆயில் ஊத்துவோம் தம்பி. குறையுதேன்னு யாரும் கேக்கல" என்றார்.

எர்த் போல்ட்டை மட்டும் சுத்தம் செய்திருந்தால் டாப் அன்றைக்கே ஏறியிருக்கும். பெரியவர் கேட்டதும் அதுதான். ஆனால் போகிற வழியிலும் 2.6 தொலைகிறதே. ஒயரை ஓர் இடத்தில் கீறிப் பார்த்தேன். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் களிம்பு. ஒரு சாண் தள்ளிக் கீறினேன், களிம்பு. ஒரு முழம் தள்ளியும் அதுவே. விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல ஒயரின் இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிப் போகும். மேல் தோல் புதிதாகவே தெரியும், உள்ளே இழைகள் கறுத்துப் பொடியாகிக்கொண்டிருக்கும். வெள்ளத்தில் நின்ற காரின் ஒயரைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கீறிப் பார்க்க வேண்டும்.

"டாப் லைன் முழுசையும் புதுசா இழுக்கணும் சார்" என்றேன்.

"ஒரிஜினல் கெடக் கூடாது தம்பி. அப்பா வச்சிருந்த மாதிரியே இருக்கணும்."

அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. என் கவலை வேறு. அந்தக் காரின் மூல அமைப்பில் மோட்டரின் முழு கரண்டும் டேஷ்போர்டு சுவிட்சு வழியாகவே போகிறது. பேட்டரி முன்னால், மோட்டர் பின்னால், நடுவில் ஓட்டுகிறவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் 30 ஆம்பியர் தாங்கும் ஒரு பொத்தான். ஐம்பது வருஷம் தாங்கியது, அதற்காக அதைச் செய்தவர்களை மதிக்கிறேன். ஆனால் உள்ளே தொடுமுனைகள் தீய்ந்து குழி விழுந்திருந்தன. அதையே மறுபடி நம்பி ஒரு குடும்பத்தை உட்கார வைத்து அனுப்ப எனக்கு மனமில்லை. கடைசியில் இப்படிப் பேசிக்கொண்டோம். கண்ணுக்குத் தெரிகிற எதையும் மாற்ற மாட்டேன், சுவிட்சு அதே சுவிட்சு. மோட்டரின் கனெக்டரை வெட்ட மாட்டேன். பின் சீட்டுக்குப் பின்னால் இரண்டு ரிலே வைப்பேன், அவற்றைச் செருகிக் கழற்றலாம். நாளைக்கு யாராவது பழையபடி வேண்டும் என்றால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். அவர் ஒத்துக்கொண்டார்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒயர் வாங்கினேன். பேட்டரியிலிருந்து பின்னால் வரை 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), ரிலேயிலிருந்து மோட்டருக்கு 6 ஸ்கொயர், சுவிட்சிலிருந்து ரிலேக்கு 1 ஸ்கொயர். எல்லாம் ஈயப்பூச்சு போட்ட செம்பு, நுண்ணிழை. வீட்டு ஒயரை காரில் போடக் கூடாது என்று நான் பையன்களிடம் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒற்றைக் கம்பி அதிர்வில் களைத்து ஒடியும், அதுவும் தோலுக்குள்ளேயே ஒடியும், வெளியே தெரியாது. ஸ்கொயர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2.5 ஸ்கொயர் செம்பில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லி ஓம். ஆறு மீட்டர் ஓடினால் 42. அதில் 36 ஆம்பியர் போனால் ஒன்றரை வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 10 ஸ்கொயரில் அதே தூரத்துக்கு 0.4 வோல்ட்கூட ஆகாது. ஒயர் எரியாமல் தாங்குமா என்று பார்ப்பது ஒரு கணக்கு. மோட்டருக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதைத்தான் நிறையப் பேர் போடுவதில்லை.

பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள், 50 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர். அதற்குமுன் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பு கிடையாது, அதனால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஏன் ஃப்யூஸ் இல்லை என்று பையன் கேட்டான். முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் கொக்கியை எடுக்க மறந்து யாராவது சுவிட்சை அழுத்துவார்கள், அல்லது டாப் முழுக்க இறங்கிய பிறகும் விரலை எடுக்க மாட்டார்கள். மோட்டர் திணறும், கரண்ட் ஏறும். ஃப்யூஸ் என்றால் போய்விடும், மழையில் நடுவழியில் பாதி திறந்த டாப்போடு நிற்க வேண்டும். பிரேக்கருக்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூட்டில் வளைந்து விடும், ஆறியதும் தானே சேரும். விரலை எடுக்க ஒரு நேரம் கொடுக்கும்.

ரிலே 70 ஆம்பியர், சாதாரண நான்கு பின். ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு. இந்த மோட்டருக்கு அது போதும், துருவம் மாற்றும் வேலையே இல்லை. இப்போது டேஷ்போர்டு சுவிட்சு வழியாகப் போவது ரிலேயின் காயிலை இழுக்கிற கரண்ட் மட்டும், கால் ஆம்பியருக்கும் குறைவு. குழி விழுந்த தொடுமுனைகளை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து அதையே மாட்டினேன்.

முனைகளுக்கு ஈயம் வைக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் பாயின் வழியை விட்டு விலகியவன். அவர் எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவைப்பார், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை ஒரு தூரம் வரை கம்பிபோல விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடிகிற இடத்தில்தான் அதிர்வில் ஒடியும். நல்ல லக், அதற்குச் சரியான கருவியில் ஒரே அழுத்து, மேலே பசை வைத்த சூட்டு ஸ்லீவ். இழுத்துப் பார்த்தால் ஒயர் அறுந்தாலும் லக் கழலக் கூடாது.

ஒயர் போகும் பாதைக்கு ஒரு முழு நாள் எடுத்தது. வாசற்படித் தகட்டுக்கு அடியில் கார்பெட்டுக்குக் கீழே கொண்டுபோனேன். தகரத்தைத் துளைத்துப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம். பின் சீட்டுக்குப் பக்கத்தில்தான் ஆபத்து. டாப் மடியும்போது அந்தச் சட்டம் கத்தரிபோல மூடுகிறது. மேலே இருக்கும்போது ஒயருக்கு நிறைய இடம் இருப்பதாகத் தெரியும், மடிந்து வரும்போது அதே இடத்தில் இரும்பு வந்து உட்காரும். அதனால் பையனை ஒரு பக்கமும் டிங்கர் கடைக்காரரை மறுபக்கமும் நிறுத்தி, சட்டத்தை மெதுவாகக் கையால் ஏற்றி இறக்கிப் பார்த்து, அது தொடாத மூலையில் மட்டும் ஒயரைக் கட்டினேன். கையை அந்த மடிப்புக்குள் யாரையும் விட விடவில்லை. விரல் போனால் போனதுதான்.

எர்த்துக்கு வருகிறேன். பழைய போல்ட் இருந்த இடத்தைப் பளபளவென்று வெறும் தகரம் தெரியும்வரை தேய்த்தேன். புது போல்ட், பல் வைத்த வாஷர், 10 ஸ்கொயர் ஒயர். முடுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடித்து மூடினேன். முடுக்குவதற்கு முன்னால் அடித்தால் கரண்டுக்குத் தடை, பிறகு அடித்தால் துருவுக்குத் தடை. அதோடு நிற்கவில்லை. இம்பாலாவில் பாடி தனி, சேசிஸ் தனி, இரண்டுக்கும் நடுவில் ரப்பர். பாடிக்கு வந்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப, முன்னால் பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் பட்டைதான் பாலம். 0.4 வோல்ட் தொலைந்தது அங்கேதான். அதையும் மாற்றினேன்.

பம்பின் சீல், ஓ-ரிங் மாற்றும் வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரித்து, கழுவி, புது ஆயில் ஊற்றி, பலமுறை ஏற்றி இறக்கி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, டாப் மேலே இருக்கும் நிலையில் ஆயில் அளவைச் சரிபார்த்தோம்.

இந்த வேலை நடந்த நாட்களில் பெரியவர் தினமும் வந்தார். ஒரு நாள் பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிய ஒரு புத்தகம் கொண்டுவந்து காட்டினார். 1939இல் பிளைமவுத் கார்தான் பெரிய அளவில் விற்ற வண்டிகளில் முதலில் தானாக மடியும் டாப் வைத்தது, அதற்கு மின்சாரம் இல்லை, இன்ஜின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தாலேயே மடித்தார்கள். 1957இல் ஃபோர்டு கம்பெனி ஸ்கைலைனர் என்று ஒரு கார் செய்தது. துணி டாப் இல்லை, முழு இரும்புக் கூரையும் மடிந்து டிக்கிக்குள் போகும். அதற்குள் ஓடிய ஒயர் மட்டும் 610 அடி. கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மோட்டர் தன் வேலையை முடித்ததும் ஒரு லிமிட் சுவிட்சைத் தொடும், அது ஒரு ரிலேயை இழுக்கும், அந்த ரிலே அடுத்த மோட்டரை ஓட்டும். அந்த வரைபடத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவும் தாளும் வைத்து இதை யோசித்தவர்கள் முன்னால் கை கட்டி நிற்கத் தோன்றியது.

இப்போதைய கார்களில் அதே யோசனையை ஒரு கம்ப்யூட்டர் டப்பா செய்கிறது. ஆனால் கெடுவது டப்பா அல்ல, பழைய இடங்கள்தான். சென்ற வருஷம் ஒரு ஜெர்மன் கார் வந்தது. ஸ்கேனர் போட்டுப் பார்த்து ஒரு சென்சாரைக் குறை சொல்லி, அதை மாற்றி, பிறகு வேறொன்றை மாற்றி, பணம் நிறையச் செலவாகியிருந்தது. டிக்கி மூடியின் கீலுக்குப் பக்கத்தில் ஒயர் போகும் ரப்பர் குழாயைப் பிரித்தேன். மூடி திறந்து மூடித் திறந்து மூடி, நாலு ஒயர் தோலுக்குள்ளேயே ஒடிந்திருந்தன.

இம்பாலா முடிந்த அன்று புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. இன்ஜினை ஓட்டாமல் பேட்டரியில் மட்டும் முதலில் பார்த்தேன். அப்போதுதான் குறை இருந்தால் தெரியும். பெரியவர்தான் அழுத்தினார். முனகல் இல்லை. மோட்டர் ஓர் ஒற்றைச் சுருதியில் பிடித்து இழுத்தது. சட்டம் எழும்பி, நிமிர்ந்து, பெரிய குடை விரிவதுபோல முன்னால் வந்து கண்ணாடிமேல் உட்கார்ந்தது. பேட்டரி 12.3, மோட்டரில் 11.7, போகிற வழியில் 0.5, திரும்புகிற வழியில் 0.1. கரண்ட் 36 ஆம்பியர். முன்பு 30க்கு மேல் வாங்க முடியாமல் திணறிய அதே மோட்டர். பெரியவர் கீழே இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்து கூரையின் உள்பக்கத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி ஒரு தாளில் முழு வரைபடத்தையும் போட்டேன். எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த ரிலே எதற்கு, பிரேக்கர் எங்கே, எர்த் போல்ட் எங்கே, என்ன ஆயில். தமிழில்தான் எழுதினேன். மோட்டருக்குள் இரண்டு ஃபீல்டு காயில் இருக்கிறது, துருவத்தை மாற்றினால் திசை மாறாது என்று சிவப்பு மையில் கோடு போட்டு எழுதினேன். எனக்கு முன்னால் பார்த்தவருக்கு அந்த ஒரு வரி கிடைத்திருந்தால் அவர் ஒயரை வெட்டியிருக்க மாட்டார். தாளை லேமினேட் செய்து பம்பின் தாங்கியோடு கட்டிவிட்டேன்.

டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்தது. எங்கள் தெருவிலேயே ஆறு மரம் சாய்ந்தது, நாலைந்து நாள் கரண்ட் இல்லை. மறுவாரம் பெரியவர் இம்பாலாவோடு வந்தார். டாப் மூடியிருந்தது, மேலே வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. கோளாறு எதுவும் இல்லை. "சும்மா ஒருதரம் அளந்து பாத்துடுங்க தம்பி, அந்த எர்த்தை" என்றார்.

பின் சீட்டைக் கழற்றினேன். பையன் அழுத்தினான். மீட்டரின் ஒரு முனை மோட்டர் உடம்பில், மறுமுனை பேட்டரி நெகட்டிவில். 0.1. நோட்டில் செப்டம்பரில் எழுதிய 2.1க்குக் கீழே தேதி போட்டு அதை எழுதினேன்.